முதல் டிரஸ்-அப் கேமைச் சீர்செய்வது எப்படி? பொம்மையிலிருந்து பொத்தான் வரை

அண்ணன் மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். பள்ளியில் கோட் ஃபார் ஃபன் என்ற நிரலாக்க வகுப்பு முடிந்த சூட்டோடு, ஜூன் விடுமுறையில் ஸ்கிராட்சில் (கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் கருவி) ஒரு டிரஸ்-அப் கேம், அதாவது பொம்மைக்கு உடை மாற்றும் ஆட்டம், செய்துவிட்டாள். ஜூலை 21, இன நல்லிணக்க நாளன்று இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகள் பள்ளிச் சீருடையை விட்டு, பாவாடை சட்டை, மலாய்க்காரர்களின் பாஜு கூரோங், சீனர்களின் சியோங்சாம் என்று பாரம்பரிய உடையில் போவார்களே, அதுதான் கரு. ஒரு பொம்மை, 43 உடைகள்.

“இன்னும் 20 டிரஸ் வரைஞ்சா முடிஞ்சிரும் அத்தை” என்றாள்.

விளையாடிப் பார்த்தேன். சேலையின் முந்தானை பொம்மையின் முகத்தை மூடியது. பாஜு கூரோங்குக்கு மேல் சியோங்சாம் ஏறி உட்கார்ந்தது. மல்லிகைச் சரத்தை விரலால் பிடிக்கவே முடியவில்லை. தெரியாமல் ஒரு பொத்தானைத் தொட்டதும் நான் பத்து நிமிடம் உடுத்திவிட்ட எல்லாம் கழன்று விழுந்தது.

செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் பிழைப்பு. இந்தக் கோளாறுகளில் ஒன்றுகூடப் புதிதில்லை. புதிதாக டிரஸ்-அப் கேம் செய்கிற எல்லாரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்: உடை கூடக் கூட ஆட்டம் நன்றாகும் என்ற நம்பிக்கையில். அப்படிச் செய்த ஆட்டம் ஒரு பீரோ. பீரோ நிறைந்திருந்தாலும் கதவு திறக்கவில்லை என்றால் என்ன பயன்? ஆகவே முதலில் வரைவதை நிறுத்துங்கள். கீழே உள்ளவற்றை முடித்த பிறகு ஆசை தீர வரையலாம்.

நாங்கள் செய்தது ஸ்கிராட்சில் என்பதால் அதன் பெயர்களையே சொல்கிறேன். வேறு கருவியில் செய்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

படி 1: ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

எதையும் திருத்துவதற்கு முன், இப்போது இருக்கும் ஆட்டத்தை அதைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுங்கள். “இதைத் தொடு, அதை இழு” என்று சொல்லக் கூடாது. இதுதான் மிகக் கடினம். அவர் முதலில் எதைத் தொட்டார், எங்கே விரல் தயங்கியது, எப்போது அலுத்துப்போய்க் கீழே வைத்தார் என்று மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தவர் என் அம்மா. ஐபேடை வாங்கியவர், நேராகப் பொம்மையின் தலையைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டார். பிறகு, “மாராப்பு எதுக்குடி வலது தோள்ல கிடக்கு?” என்றார். 43 உடை வரைந்தவளும் கவனிக்கவில்லை, வடிவமைப்பாளர் நானும் கவனிக்கவில்லை. அந்த விஷயத்துக்குப் படி 5-இல் வருகிறேன்.

படி 2: பொம்மையைத் திரும்ப வரையுங்கள்

ஆட்டத்தின் மற்ற எல்லாமே பொம்மையின் மேல்தான் நிற்கிறது. அது கோணலாக இருந்தால் ஒவ்வொரு துணியும் கோணலாகும்.

எங்கள் பொம்மை இடுப்பில் கைவைத்து ஒயிலாக நின்றது. பார்க்க அழகுதான். ஆனால் அதற்கு வரையும் ஒவ்வொரு சட்டைக் கையையும் மடக்கி வரைய வேண்டும், சேலைக் கொசுவத்தை உள்ளங்கை மறைக்கும், வேட்டிக் கரை தெரியாது. முதல் ஆட்டத்துக்கு நேராகப் பார்த்து நிற்கும் பொம்மை போதும். கைகள் உடம்போடு ஒட்டாமல் சற்று விலகி, கால்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி. தலையில் முடி வேண்டாம்; முடி தனி உடை மாதிரி. உடம்போடு சேர்த்தே கையில்லாத ஒட்டிய பனியனும் குட்டைக் கால்சட்டையும் வரைந்துவிடுங்கள். எல்லாவற்றையும் கழற்றினாலும் பொம்மை கூச்சப்பட வேண்டியதில்லை. கழுத்துப் பகுதியை மட்டும் நன்றாக இறக்கி வரையுங்கள், இல்லாவிட்டால் ரவிக்கைக்கு மேல் பனியன் எட்டிப் பார்க்கும்.

இனி ஒரு சின்ன உத்தி. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிராட்சின் மேடை 480-க்கு 360 அலகு. படங்களை அதன் இருமடங்காக, 960-க்கு 720 என்ற அளவில் வைத்துக்கொண்டால் முழுத்திரையிலும் ஓரங்கள் பிசிறடிக்காது. கிரிட்டா போன்ற இலவச ஓவியச் செயலியில் அந்த அளவில் ஒரு கோப்பைத் திறந்து, நடுவில் ஓர் அடுக்கில் (லேயர்) பொம்மையை வரைந்து, அந்த அடுக்கைப் பூட்டிவிடுங்கள். ஒவ்வொரு உடையையும் அதே கோப்பில், பொம்மையின் மேலேயே, தனி அடுக்கில் வரையுங்கள். வெளியே எடுக்கும்போது பொம்மையை மறைத்துவிட்டு, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுங்கள். ஓரத்தை வெட்டக் கூடாது. தோடு ஒரு பொட்டளவுதான் இருக்கும். இருந்தாலும் 960-க்கு 720 தாள் முழுவதும் அப்படியே வரவேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம்? எல்லாப் படங்களும் ஒரே அளவு, ஒரே நடுப்புள்ளி என்றால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ், ஒய் எண்ணில் நிறுத்தலாம். தோடு தானாகக் காதில் போய் உட்காரும். அண்ணன் மகள் 43 உடைக்கும் கண்ணளவில் தனித்தனி எண் கொடுத்திருந்தாள். பாதி உடை தோளை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி மிதந்தது.

பொம்மையை மாற்றியதும் பழைய உடைகளில் பெரும்பாலானவை பொருந்தாமல் போயின. கண்ணில் நீர் முட்டியது அவளுக்கு. பரவாயில்லை, எனக்கும் என் முதல் வேலையில் அப்படித்தான் முட்டியது.

படி 3: ஓர் அடுக்குக்கு ஒரு ஸ்பிரைட்

ஸ்பிரைட் என்பது ஸ்கிராட்ச் மேடையில் தனியாக இயங்கும் ஓர் உருவம். தொடக்கக்காரர்கள் ஓர் உடைக்கு ஒரு ஸ்பிரைட் வைப்பார்கள். 43 உடை, 43 ஸ்பிரைட், ஒவ்வொன்றிலும் அதே கட்டளைகளின் நகல். ஒரு பிழையைத் திருத்த 43 இடத்தில் திருத்த வேண்டும்.

மாற்றி யோசியுங்கள். உடம்பில் ஓர் இடத்துக்கு ஒரு ஸ்பிரைட். அந்த இடத்தில் வரக்கூடிய உடைகள் எல்லாம் அதன் காஸ்ட்யூம்கள், அதாவது அந்த ஸ்பிரைட் மாறி மாறிக் காட்டும் படங்கள். முதல் காஸ்ட்யூம் எப்போதும் வெற்றுத் தாள், அதாவது ஒன்றும் அணியாத நிலை. நாங்கள் கடைசியில் வைத்துக்கொண்ட அடுக்குகள், பின்னாலிருந்து முன்னுக்கு:

1. பின்முடி: சடை, விரித்த கூந்தல்
2. முந்தானை, துப்பட்டா ஆகியவற்றின் முதுகுப் பக்கம்
3. உடம்பு
4. காலணி
5. கீழுடை: பாவாடை, கால்சட்டை, சாரோங், வேட்டி
6. மேலுடை
7. முழு உடையும் சேலையின் முன்பக்கமும்
8. கழுத்து நகை
9. முன்முடி
10. தலையில் வருபவை: பூ, சொங்கோக் (மலாய் ஆண்களின் தொப்பி), தூடோங் (முஸ்லிம் பெண்களின் தலைத்துணி)

இதில் கவனிக்க வேண்டியது, சில உடைகள் இரண்டு அடுக்குகளில் வாழ்கின்றன. சேலையை ஒரே படமாக வரைந்தால் முந்தானை எங்கே போகும்? மார்பின் குறுக்கே ஏறி, தோளைத் தாண்டி, முதுகுப் பக்கம் தொங்க வேண்டும். தொங்கும் பகுதி கைக்கும் இடுப்புக்கும் நடுவே பின்னால் தெரிய வேண்டும். ஒரே படத்தில் அது முடியாது. ஆகவே முன்பக்கம் 7-ஆம் அடுக்கில், முதுகுப் பக்கம் 2-ஆம் அடுக்கில். இரண்டு ஸ்பிரைட்டிலும் ஒரே எண்ணுள்ள காஸ்ட்யூம் ஒரே சேலையினுடையதாக இருக்கட்டும். 3-ஆம் எண்ணுள்ள சேலையைத் தேர்ந்தால் இரண்டும் 3-க்கு மாறும், அவ்வளவுதான். முடியும் இப்படியே: நெற்றியில் விழும் சுருள் முகத்துக்கு முன்னால், சடை முதுகுக்குப் பின்னால்.

காலணி ஏன் கீழுடைக்கு அடியில் என்று அவள் கேட்டாள். வேட்டியும் பாவாடையும் செருப்பின் மேல் விழும், செருப்பு வேட்டியின் மேல் ஏறாது. சொன்னதும் எழுந்து போய்த் தன் பாவாடையைக் கட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

படி 4: எது எதோடு சேராது?

அடுக்கு சரியானதும் அடுத்த குழப்பம் தெரியும். சியோங்சாம் போட்ட பொம்மைக்குக் கால்சட்டையும் சேர்ந்து நிற்கும். தூடோங்கின் ஓரத்தில் சடை நீட்டிக்கொண்டிருக்கும்.

தாளில் ஒரு பட்டியல் எழுதுங்கள். முழு உடை வந்தால் மேலுடை, கீழுடை இரண்டும் 1-க்கு, அதாவது வெற்றுத் தாளுக்குப் போகும். மேலுடையோ கீழுடையோ வந்தால் முழு உடை 1-க்குப் போகும். தூடோங் வந்தால் முன்முடி, பின்முடி இரண்டும் மறையும். கழற்றினால் பழைய முடியே திரும்ப வரவேண்டும், மொட்டையாகிவிடக் கூடாது. சேலை மட்டும் விதிவிலக்கு: அது முழு உடைதான், ஆனாலும் ரவிக்கைக்காக மேலுடை இருந்தே ஆகவேண்டும். நாங்கள் ரவிக்கையைச் சேலையோடே வரைந்துவிட்டோம். சேலைக்கு மாற்று ரவிக்கை போடும் வசதி போய்விட்டது என்று எனக்குச் சற்று வருத்தம்தான். முதல் ஆட்டத்துக்கு அது போதும்.

ஆனால் “வேட்டிக்குச் சொங்கோக் சேராது” என்று விதி எழுதாதீர்கள். உடம்பில் நடக்கவே முடியாததை மட்டும் தடுங்கள். ரசனையைத் தடுக்க வேண்டாம். பிள்ளைகள் கெபாயா என்ற மேல்சட்டைக்குக் கீழே வேட்டி கட்டி விழுந்து விழுந்து சிரிப்பதற்குத்தான் இந்த ஆட்டமே.

இந்த இடத்தில் நிரல் பக்கம் ஒரு வசதி. ஒவ்வோர் அடுக்கிலும் அதிகபட்சம் 9 காஸ்ட்யூம் என்று வைத்துக்கொண்டோம். அப்போது பொம்மையின் முழு அலங்காரத்தையும் 10 இலக்கத்தில் எழுதிவிடலாம். முதல் இலக்கம் முதல் அடுக்கு, பத்தாம் இலக்கம் பத்தாம் அடுக்கு. இதை ‘இப்போது’ என்ற பட்டியலில் பத்து வரிகளாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொத்தானும் ஸ்பிரைட்டை நேராகத் தொடாது; பட்டியலை மாற்றும், சேராதவற்றைச் சரிபார்க்கும், பிறகு ‘புதுப்பி’ என்று செய்தி அனுப்பும். ஒவ்வொரு ஸ்பிரைட்டும் தன் வரியைப் படித்து அந்த எண்ணுள்ள காஸ்ட்யூமுக்கு மாறும். இதன் பலன் படி 8-இல் தெரியும்.

படி 5: உடையை உடையாக வரையுங்கள்

அம்மா சொன்ன மாராப்பு விஷயம் இதுதான். முந்தானை இடது தோளில் வரும். யாருடைய இடது? உடுத்தியவருடையது. பொம்மை நம்மைப் பார்த்து நிற்பதால் அதன் இடது தோள் திரையில் வலப்பக்கம். அண்ணன் மகள் திரையின் இடப்பக்கம் போட்டிருந்தாள். சியோங்சாமின் முடிச்சுப் பொத்தான் வரிசை உடுத்தியவரின் வலப்பக்கம் இறங்கும், ஆகவே திரையில் இடப்பக்கம். எங்கள் பழைய பதிப்பில் அதுவும் கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறியிருந்தது.

சிறு விவரங்கள்தான் ஓர் உடையை அதுவாக ஆக்குகின்றன. கெபாயாவின் முன்பக்கத்தில் பொத்தானுக்குப் பதிலாக கெரோங்சாங் என்ற மூன்று ஊசிப்பதக்கங்கள் வரிசையாக வரும். அதை விட்டுவிட்டால் அது வெறும் சட்டை. 2024 டிசம்பரில் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்த உடை அது. கொஞ்சம் மரியாதையோடு வரையலாம். பாஜு கூரோங் தொளதொளவென்று முழங்கால் வரை இறங்கும், இடுப்பைப் பிடிக்காது. மலாய் ஆண்களின் பாஜு மெலாயுவோடு இடுப்பில் சுற்றும் சம்பின் துணியைச் சட்டைக்கு உள்ளே கட்டுவதும் உண்டு, வெளியே கட்டுவதும் உண்டு. ஒன்றைத் தேர்ந்து அடுக்கை அதற்கேற்ப வையுங்கள்.

படத்தை இணையத்தில் பார்த்து வரைவதைவிட ஒரு சனிக்கிழமை நடந்துவிட்டு வாருங்கள். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை மாடியில் பாவாடை சட்டைகள் தொங்கும். கேலாங் சராயில் பாஜு, சைனாடவுனில் சியோங்சாம், ஜூ சியாட்டில் கெபாயா. கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். நாங்கள் போன கடையில் ஓர் ஆன்ட்டி, கேட்காமலே சம்பினை எப்படி மடித்துச் செருகுவது என்று செய்து காட்டினார்.

படி 6: நிறம்

ஸ்கிராட்சில் ‘நிறம்’ விளைவுக்கு 200 கொடுத்தால் வட்டமடித்து முதல் நிறத்துக்கே வந்துவிடும். 25, 25 ஆகக் கூட்டினால் எட்டு நிறங்கள். ஒரே பாவாடையை வரைந்து எட்டாகக் காட்டலாம். ஆனால் இந்த விளைவு படம் முழுவதையும் மாற்றும்: அரக்குப் பட்டை நீலமாக்கினால் தங்கச் சரிகையும் சேர்ந்து வேறு நிறமாகிவிடும். சரிகைக் கரையைத் தனி ஸ்பிரைட்டில், சேலைக்கு நேர் மேலே வைத்தால் அது தங்கமாகவே நிற்கும். இரண்டு சேலைக்கு மட்டும் இதைச் செய்தோம். எல்லாவற்றுக்கும் செய்தால் ஸ்பிரைட் பட்டியல் மறுபடி வீங்கும்.

தோல் நிறத்துக்கு இந்தக் குறுக்குவழியைப் பயன்படுத்தாதீர்கள், பச்சைப் பொம்மை வரும். ஐந்தாறு நிறத்தில் உடம்பைத் தனித்தனியாகத் தீட்டி வையுங்கள். ஆட்டம் திறக்கும்போது அவற்றில் ஏதோ ஒன்று தற்செயலாக வரட்டும். எப்போதும் வெளிர் நிறமே முதலில் வந்து, மற்றவை ‘மாற்றிக்கொள்’ என்ற பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், பிள்ளைகள் அதைக் கவனிக்கத்தான் செய்வார்கள்.

வெள்ளை வேட்டி வெள்ளைப் பின்னணியில் காணாமல் போகும். பின்னணியை மங்கலான சாம்பல் பச்சையாக வைத்து, ஒவ்வோர் உடைக்கும் அதன் நிறத்திலேயே அடர்ந்த விளிம்புக் கோடு போடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1, படக்குறிகளுக்கு 3-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் நெறிகளில் உள்ள கணக்கு. அளந்து சொல்லும் இலவசப் பக்கங்கள் நிறைய உண்டு.

படி 7: திரையைப் பங்கு போடுங்கள்

பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஆண்ட்ராய்டு வடிவமைப்பில் சொல்லும் குறைந்தபட்சம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். சாதாரணக் கைப்பேசியைப் படுக்கவைத்தால் திரையின் உயரம் சுமார் 65 மில்லிமீட்டர். அதில் ஸ்கிராட்சின் 360 அலகும் அடங்கினால் ஓர் அலகு 0.18 மில்லிமீட்டர். ஆக 9 மில்லிமீட்டருக்கு 50 அலகு. எங்கள் பழைய பொத்தான்கள் 22 அலகு. எறும்பைத் தொடுவது மாதிரி.

50-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் திரை தானாக அமைந்துவிடும். வலது ஓரத்தில் 50 அகலத்தில் ஆறு பிரிவுகள்: முடி, தலை, மேலுடை, கீழுடை, முழு உடை, நகையும் காலணியும். ஆறு ஐம்பது 300. மிச்சம் 60 அலகு உயரம் கீழே ஒரு பட்டையாக, ‘பின்வாங்கு’, ‘குலுக்கு’, ‘படம்’ பொத்தான்களுக்கு. அடுத்து 70 அலகுக் கட்டங்கள் மூன்றுக்கு மூன்று, ஒன்பது. அதற்குக் கீழே நிற வட்டங்கள். இடப்பக்கம் 200 அலகு முழுவதும் பொம்மைக்கு. படங்கள் நடுவில் வரைந்தவை என்பதால் எல்லா உடை ஸ்பிரைட்டுக்கும் எக்ஸ் -140, ஒய் 0. தோல் நிறப் புள்ளிகளைப் பொம்மையின் காலடியில் வைத்தோம்.

பொம்மை ஏன் இடப்பக்கம்? பெரும்பாலோர் வலது கையால் தொடுவார்கள். பொம்மை வலப்பக்கம் இருந்தால் தொடும் கையே அதை மறைக்கும். இடது கைப் பிள்ளைகளுக்குத் திரையைத் திருப்பிக் காட்டும் பொத்தான் வைக்கலாம். நாங்கள் இன்னும் வைக்கவில்லை.

மல்லிகைச் சரத்தை ஏன் பிடிக்க முடியவில்லை என்றால், ஸ்கிராட்சில் படத்தின் வெற்றிடத்தைத் தொட்டால் அது தொட்டதாகக் கணக்கில்லை. மெல்லிய சங்கிலி, கம்மல், பூச்சரம் எல்லாம் பாதி வெற்றிடம். கட்டத்தில் வைக்கும் சின்னப் படம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வெள்ளை அட்டையை அதே படத்திலேயே சேர்த்து வரைந்துவிடுங்கள். அட்டையைத் தொட்டாலே போதும்.

இழுத்துப் போடுவதா, தொட்டால் அணிவதா? நான் தொடுவதன் பக்கம். ஸ்கிராட்சில் இழுப்பதற்கு இரண்டு சிக்கல் உண்டு. தொகுக்கும் திரையில் எல்லா ஸ்பிரைட்டும் இழுபடும். முழுத்திரையிலோ மற்றவர் பார்க்கும் பக்கத்திலோ, இழுக்கலாம் என்று அதற்கான கட்டளையைக் கொடுத்தால்தான் இழுபடும். “எனக்கு வேலை செய்யுது, ஃப்ரெண்டுக்கு வேலை செய்யல” என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, இழுத்த ஸ்பிரைட் தானாக எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும். படி 3-இல் கட்டிய அடுக்கு ஒரே இழுப்பில் சரிந்துவிடும். இழுத்தே ஆகவேண்டும் என்றால், விட்டதும் பத்து ஸ்பிரைட்டுக்கும் 1 முதல் 10 வரை ஒவ்வொன்றாகச் செய்தி அனுப்பி, பதில் வரும்வரை காத்திருந்து, ‘முன்னால் வா’ என்று வரிசையாக அழையுங்கள். தொட்டால் அணியும் முறையில் இதைத் தொடக்கத்தில் ஒரே முறை செய்தால் போதும்.

அதே உடையை மறுபடி தொட்டால் கழன்றுவிட வேண்டும். அம்மா தொட்ட தலையை மறக்காதீர்கள்: பொம்மையின் தலையைத் தொட்டால் முடிப் பிரிவு திறக்கிறது இப்போது.

படி 8: பயமில்லாமல் விளையாட மூன்று பொத்தான்

‘பின்வாங்கு’. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் அந்தப் பத்து இலக்கத்தைச் சேர்த்து இன்னொரு பட்டியலின் கடைசியில் எழுதிவையுங்கள். பின்வாங்கும்போது கடைசி வரியை எடுத்து, எழுத்தெழுத்தாகப் பிரித்து, ‘இப்போது’ பட்டியலில் நிரப்பி, ‘புதுப்பி’ அனுப்பினால் முடிந்தது. 9 காஸ்ட்யூமுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். 10 வந்தால் ஓர் உடைக்கு இரண்டு இலக்கமாகிக் குழப்பும்.

‘குலுக்கு’. பத்து வரியிலும் தற்செயல் எண். சேலையின் முன்னும் பின்னும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், முடியும் அப்படியே. படி 4-இன் விதிகளில் சரிபார்த்த பிறகே வரட்டும். எதை அணிவது என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு இதுதான் கதவு. எங்கள் வீட்டில் அதிகம் தேயும் பொத்தான்.

‘படம்’. எல்லாப் பொத்தானும் மறைந்து பொம்மை மட்டும் நடுவில் வந்து நிற்கும். டேப்லட்டிலேயே திரையைப் படம் எடுத்துக்கொள்ளலாம். பின்னணிக்கு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், பள்ளி வாசல், தேக்காவின் பூக்கடை என்று மூன்று வைத்தோம்.

‘எல்லாம் கழற்று’ வேண்டுமானால் மற்ற பொத்தான்களை விட்டுத் தள்ளி, மூலையில் வையுங்கள். அதையும் பின்வாங்க முடிய வேண்டும். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டு மறிப்பதைவிட, தவறைத் திருப்ப விடுவது நல்லது. பிள்ளைகள் அந்தக் கேள்வியைப் படிக்காமலே ‘ஆம்’ தட்டுவார்கள். நாமும்தான்.

படி 9: எழுத்தும் ஒலியும்

எழுத்து எவ்வளவு குறையுமோ அவ்வளவு நல்லது. ஸ்கிராட்சின் எழுத்துக் கருவியில் தமிழுக்கென்று எழுத்துரு இல்லை. தட்டினால் அந்தந்தச் சாதனத்தின் எழுத்துருவில் வரும், உங்களிடம் பொத்தானுக்குள் அடங்கியது வேறொருவர் கைப்பேசியில் வெளியே வழியும். தலைப்பு, உடைப் பெயர்களை ஓவியச் செயலியில் எழுதிப் படமாகக் கொண்டுவாருங்கள். ஒலிக்கு ஒரு சின்ன ‘டக்’. பின்னணி இசை வேண்டாம். போட்டே தீருவேன் என்றால் நிறுத்தும் பொத்தானும் போடுங்கள். எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் இருப்பவர் நன்றி சொல்வார்.

படி 10: மறுபடி ஐந்து பேர்

படி 1-ஐ இப்போது ஐந்து பேரோடு செய்யுங்கள். ஐந்து பேரைப் பார்த்தாலே பயன்பாட்டுக் கோளாறுகளில் பெரும்பகுதி வெளிவந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதிலிருந்து எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம். ஐந்து பேரும் ஒரே மாதிரி வேண்டாம். எங்களுக்குக் கிடைத்தவர்கள்: பாலர் பள்ளிப் பிள்ளை ஒன்று, தொடக்கநிலை மாணவர் இருவர், என் தோழி, மறுபடி அம்மா. பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

“நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள். “ஓகேலா” என்பார்கள், அதில் ஒன்றும் இல்லை. வேலை கொடுங்கள்: “இந்தப் பொம்மைக்கு நாளைக்குப் பள்ளியில் இன நல்லிணக்க நாள். தயார் பண்ணு.” அப்புறம் கையைப் பாருங்கள். பாலர் பள்ளிக் குழந்தை ஆறு பிரிவில் முதலாவதை விட்டு நகரவே இல்லை. மற்றவையும் பொத்தான்தான் என்று அதற்குத் தெரியவில்லை. தேர்ந்த பிரிவு வெளிச்சமாகவும் மற்றவை தட்டையாகவும் இருந்ததுதான் காரணம். எல்லாவற்றுக்கும் நிழல் கொடுத்தோம். ஒரு மாணவர், சொங்கோக் போட்டதும் முன்முடி அதன் உச்சிக்கு மேலே நீட்டிக்கொண்டு தெரிவதாகக் கண்டுபிடித்தார். அதற்கு இன்னொரு விதி.

இரண்டு பேராவது தடுமாறிய இடத்தை உடனே திருத்துங்கள். ஒருவர் மட்டும் சொன்னதைக் குறித்துவைத்துக்கொண்டு பொறுங்கள்.

படி 11: வெளியிடும் முன்

பிள்ளையின் உண்மைப் பெயர், பள்ளிப் பெயர், முகப்படம் எதுவும் ஆட்டத்திலோ குறிப்பிலோ வேண்டாம். பொம்மைக்குச் சீருடை வரைந்தால் நிஜப் பள்ளியின் சின்னத்தைப் போடாதீர்கள். இணையத்தில் எடுத்த துணிப் படத்தை அப்படியே ஒட்டியிருந்தால் அதை நீக்கிவிட்டு நீங்களே வரைந்ததைப் போடுங்கள்.

எங்கள் ஆட்டத்தில் இப்போது 31 உடைகள்தான். கடைசிச் சோதனையில் அம்மா பொம்மைக்கு அரக்குப் பட்டுக் கட்டி, சடையில் மல்லிகை வைத்து, காசுமாலை போட்டு, சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சரி, ஒட்டியாணம் எங்கடி?”

“வரைஞ்சிடலாம் பாட்டி” என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, “அத்தை, அது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல வரணும், இல்ல?”